செத்தவன் ஆதரித்த மசோதா

அத்தியாயம் ஆறு

செத்துப்போய் இரண்டு வருடமான தனக்கோடி, போன மாதம் நான்காம் தேதி ஒரு சட்ட மசோதாவை முழு மனதோடு ஆதரித்துக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

அந்தக் கையெழுத்தின் ஜெராக்ஸ் மகேஸ்வரியின் மேஜைமேல் கிடந்தது. எதிரே, நாற்காலியின் நுனியில், தனக்கோடியின் மனைவி புஷ்பவள்ளி உட்கார்ந்திருந்தாள். காலி மீன் கூடையைக் காலடியில் வைத்திருந்தாள். பதினோரு நாளாக அந்தக் கூடையில் மீன் விழவில்லை.

"உயிரோட இருக்குறவனே எந்த மசோதாவையும் படிக்கிறதில்ல. அண்ணன் செத்தப்புறம் படிச்சிருக்காரு. அங்க டைம் ஜாஸ்தி போல" என்றான் ஜெயசீலன்.

மகேஸ்வரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் உடனே புஷ்பவள்ளியின் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கக்கா, வாய் முன்னாடி போயிடுது" என்றான். பண்ருட்டி மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். சில்லறை இல்லாத பயணிகளிடம் பழகிய வாய் அது. செம்மண்டலத்தில் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் இந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கு அவன் வந்து நான்கு வருடம் ஆகிறது.

மகேஸ்வரி வந்து ஆறு வருடம். அதற்கு முன் பத்திரப் பதிவு ஆபீஸில் பதினெட்டு வருடம் ஊரார் போடும் கையெழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனிதர்கள் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற வேகத்தைப் பார்த்துப் பார்த்தே அந்த வேலைமேல் வெறுப்பு வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள்.

"முதல்லேருந்து சொல்லு புஷ்பவள்ளி" என்றாள்.

விஷயம் இதுதான். கடற்கரை இறங்குதள மேலாண்மை மசோதா என்று ஒன்று சட்டசபையில் ஒரு வருடமாக நிலுவையில் கிடக்கிறது. எந்தக் குப்பத்தில் பாதிக் குடும்பத்துக்கு மேல் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கிறதோ, அந்தக் குப்பத்தின் கரை ஒரு வாரியத்தின் கைக்குப் போய்விடும். அப்புறம் போட்டை இழுத்து நிறுத்தவும் வலையை உலர்த்தவும் கருவாடு போடவும் அந்த வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும். மசோதாவைப் பரிசீலிக்கும் சட்டசபைக் குழு நாளைக் காலை பதினொரு மணிக்குக் கடலூருக்கு வந்து கருத்துக் கேட்கிறது. அதற்கு முன்பே சம்மதம் கொடுத்த குப்பங்களின் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். முதல் பெயரே புன்னைமேட்டுக்குப்பம், புஷ்பவள்ளியின் ஊர். இருநூற்றுப் பதினெட்டு கையெழுத்து.

"நாங்க யாரும் போடலன்னு ஊரே சத்தியம் பண்ணுது மேடம். எல்லாம் போலின்னு சொல்றாங்க. ஆனா செத்தவரு கையெழுத்து எப்டி இவ்ளோ கரெக்டா வந்துச்சு, அவரு பேப்பரெல்லாம் பொண்டாட்டிகிட்ட தான இருக்குது, இவதான் எடுத்துக் குடுத்திருக்கான்னு பழிய எம்மேல போட்டுட்டாங்க. எம்பொண்ணு மோனிகா நர்சிங் சேந்துச்சு இல்ல? அந்த ஃபீஸ் எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்குறாங்க. ஊர்க் கட்டுப்பாடு வெச்சுட்டாங்க. ஏலத்துல நான் கேட்டா காதுல விழாத மாதிரி இருக்காங்க. ஒருத்தரும் பேசறதில்ல."

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள்.

மகேஸ்வரி தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேலே டைப் அடித்த ஒரு பக்கம். 'மேற்படி நான்காம் தேதி நடந்த ஊர்க்கூட்டத்தில் மசோதாவைப் படித்துப் புரிந்துகொண்டு, முழு மனதுடன் ஆதரித்து அன்றே கையொப்பமிடுகிறோம்.' அதன் கீழே ஒன்பது தாள் முழுக்கக் கையெழுத்து. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு போட்டின் பெயர்.

"இது உன் வீட்டுக்காரர் கையெழுத்தா?"

புஷ்பவள்ளி குனிந்து பார்த்தாள். விரலை வைக்கப் போய் எடுத்துக்கொண்டாள். "அவரோடதே மாதிரி இருக்குது மேடம். அதான் எனக்கே பயமா இருக்குது."

மகேஸ்வரிக்கும் அதுதான் உறுத்தியது. போலிக் கையெழுத்து எப்போதும் சுத்தமாக இருக்கும். இதில் ஒருவன் பேனா எழுதாமல் இரண்டு தடவை கிறுக்கிப் பார்த்திருக்கிறான். ஒருவன் ஈரக் கையை வைத்துவிட்டான். இன்னொருவன் பாதிப் பெயரை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறான். இருநூற்றுப் பதினெட்டும் அசல் என்று அவளுடைய பதினெட்டு வருடம் சொல்லிற்று. அதை வெளியே சொன்னால், புருஷன் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் கொடுத்தது இவள்தான் என்று எதிரே இருப்பவள் மாட்டிக்கொள்வாள். அதனால் மேல் பக்கத்தைத் தூக்கி ஜெயசீலனிடம் நீட்டினாள்.

"இதுல என்ன தெரியுது?"

"இடது பக்கம் காலி இடம் ஜாஸ்தி. பட்டா போட்டு ஒரு வீடு கட்டலாம்."

"ஒரு ஓரத்துல மட்டும் எதுக்கு இவ்ளோ இடம் விடுவாங்க?"

"பைண்டிங் பண்றதுக்கு. ஆனா ஒரு பக்க மனுவ எவன் மேடம் பைண்டிங் பண்ணுவான்?"

"பண்ண மாட்டான். ஆனா காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் பைண்டிங் பண்ற புஸ்தகமே டைப் பண்ற கை, லவ் லெட்டர் அடிச்சாலும் இவ்ளோ இடம் விடும்."

ஜெயசீலன் தாளைத் திருப்பிப் பார்த்தான். "தீசிஸ்! சிதம்பரம்!"

"முதல்ல குப்பம். அப்புறம் சிதம்பரம்" என்று மகேஸ்வரி எழுந்தாள்.

*

புன்னைமேட்டுக்குப்பத்தில் ஏலம் முடிகிற நேரம். ஆட்டோவை விட்டு இறங்கிய புஷ்பவள்ளியைக் கண்டதும் கரையில் நின்ற பெண்கள் ஒரே மாதிரி முதுகைத் திருப்பினார்கள். பயிற்சி எடுத்தவர்களைப் போலத் திருப்பினார்கள். அவர்களில் ஒருத்தி, புஷ்பவள்ளியின் கூடப்பிறந்த அக்காள். பதினோரு நாளில் மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறார்கள் என்று நினைக்கும்போதே மகேஸ்வரிக்கு வாய் கசந்தது.

ஊர்த் தலைவர் தட்சிணாமூர்த்தி புதிதாக நீல பெயிண்ட் அடித்த ஒரு போட்டில் சாய்ந்து நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். புஷ்பவள்ளியைப் பார்க்காமலே பேசினார்.

"நாங்க ஒண்ணும் கண்ண மூடிக்கினு பழி போடல மேடம். செந்தமிழ்செல்வன் சாரே வந்து பாத்துட்டுச் சொன்னாரு. காலேஜ் வாத்தியாரா இருந்தவரு, முப்பது வருஷமா எங்களுக்காகப் போராடுறவரு. எல்லாம் போலிதான் தட்சிணாமூர்த்தி, ஆனா உள்ளேருந்து ஒரு ஆளு மாதிரிக் கையெழுத்து எடுத்துக் குடுக்காம இவ்ளோ கச்சிதமா வராதுன்னாரு. நாளைக்கு எங்க சார்புல பேசப் போறதே அவுருதான்."

"அவரு புஷ்பவள்ளி பேரைச் சொன்னாரா?"

"பேரு சொல்லல. செத்தவன் கையெழுத்து யாருகிட்ட இருக்கும்னு மட்டும் கேட்டாரு."

மகேஸ்வரி தாளைப் பிரித்தாள். "இதுல ஒரு தட்சிணாமூர்த்தி இருக்காரே, அது நீங்களா?"

"ஊருல அஞ்சு தட்சிணாமூர்த்தி. தனக்கோடி ஆறு பேரு இருந்தாங்க, இப்ப அஞ்சு. அதனாலதான் பேருகூட போட்டு பேரும் போடுவோம். ரேஷன் கடையா இருந்தாலும் கல்யாணப் பத்திரிகையா இருந்தாலும் எங்களுக்கு அப்டித்தான்." எட்டிப் பார்த்தார். "ஆங், இது நான்தான். தட்சிணாமூர்த்தி, கடல் முத்து."

"நீங்க சாஞ்சுக்கிட்டு இருக்கிற போட்டு யாரோடது?"

"என்துதான்."

அதன் மூக்கில் வெள்ளை எழுத்தில் 'வேலவன்' என்று எழுதியிருந்தது.

"எப்ப வாங்கினீங்க?"

"போன வருஷம் ஆனியில."

ஜெயசீலன் வாயைத் திறந்தான். மகேஸ்வரி அவன் காலை மிதித்தாள். "நல்ல நீலம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவை நோக்கி நடந்தாள்.

"எதுக்கு மேடம் மிதிச்சீங்க? செருப்பு புதுசு."

"கையில ஒரு மீன்தான் இருக்குது. அத இப்பவே ஏலம் விட முடியாது."

*

சிதம்பரத்தில் இறங்கும்போது மணி இரண்டு. பல்கலைக்கழகத்துக்குப் போகிற ரோட்டில் வரிசையாக டைப்பிங் கடைகள். எல்லாக் கடை வாசலிலும் கருநீல அட்டை போட்ட ஆய்வேடுகள் தங்க எழுத்தோடு அடுக்கியிருந்தன. ஜெயசீலன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு பண்ருட்டி முந்திரி வியாபாரி ஆனான். மகேஸ்வரி அவனுக்குப் பின்னால் ஒரு பையைப் பிடித்துக்கொண்டு அவன் அக்காள் ஆனாள்.

முதல் மூன்று கடையிலும் "தீசிஸ் மட்டுந்தாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நான்காவது கடையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். கண் ஜன்னலில் இருந்தது, கை தானாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு மனு அடிக்கணுங்க. கவர்மெண்ட்ல ஒரு மசோதா வருதாம், முந்திரித் தோல் ஆலை பத்தி" என்றான் ஜெயசீலன்.

அவள் கண்ணை எடுக்காமலே கேட்டாள். "ஆதரவா, எதிர்ப்பா?"

"என்னாது?"

"ஆதரிச்சு வேணுமா, எதிர்த்து வேணுமா? ரெண்டும் ரெடியா இருக்குது. ஊர் பேரும் தேதியும் மாத்தினாப் போதும்."

ஜெயசீலன் தலையைச் சொறிந்தான். "ரெண்டுலயும் ஒவ்வொண்ணு பாத்துட்டு முடிவு பண்ணலாமுங்களா? எங்க ஊரு ஆளுங்க காலைல ஒண்ணு சொல்லுவாங்க, சாயங்காலம் ஒண்ணு சொல்லுவாங்க."

அவள் சிரித்தாள். ரேகா என்று பெயர் சொன்னாள். கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். மகேஸ்வரி குனிந்து பார்த்தாள். வரிசையாக ஃபோல்டர்கள். தனிப்பயிற்சி நிலைய மசோதா. தெரு மாடு மசோதா. வாடகை வீடு மசோதா. ஆழ்குழாய்க் கிணறு மசோதா. முந்திரித் தோல் ஆலை மசோதா. சட்டசபையில் நிலுவையில் கிடப்பது எல்லாம் இங்கே ஏற்கனவே தீர்ப்பாகிக் காத்திருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டே கோப்பு. ஒன்று ஆதரவு, ஒன்று எதிர்ப்பு. பதினான்காவது ஃபோல்டர், கடற்கரை இறங்குதளம்.

"இவ்ளோவும் நீங்களா எழுதினது?" என்று மகேஸ்வரி கேட்டாள்.

"ஐயே, எனக்கு அவ்ளோ அறிவு ஏது? சார் சொல்லச் சொல்ல அடிக்கிறதுதான். ரெண்டு பக்கமும் அடிச்சு வெச்சுடு ரேகா, எது தேவைப்படுதோ எடுத்துக்கலாம்பாரு. கையெழுத்து வாங்குன தாளெல்லாம் அவருகிட்டயே கட்டுக் கட்டா இருக்குது. மேல் பக்கத்த மட்டும் இங்க வந்து மாத்தி பின் அடிச்சிட்டுப் போவாரு."

"எந்த சாரு?"

"உங்கள அனுப்புனதே அவருன்னு நெனச்சேன்" என்றாள் ரேகா வெகுளியாக. "செந்தமிழ்செல்வன் சாரு. ஊருக்கு ரொம்ப நல்லது பண்றவரு."

பிரிண்டர் இரண்டு தாளைத் துப்பியது. கடற்கரை மசோதாவையும் மாதிரிக்கு வேண்டுமென்று ஜெயசீலன் கேட்டு வாங்கினான். ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று. இரண்டிலும் இடது ஓரத்தில் தாராளமாக இடம் விட்டிருந்தது.

வெளியே வந்ததும் ஜெயசீலன் சொன்னான். "மேடம், நான் பஸ்ஸுல டிக்கெட் குடுக்கும்போதுகூட எங்க போறீங்கன்னு கேட்டுட்டுத்தான் கிழிப்பேன்."

மகேஸ்வரி சாக்கடை ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

*

மேல வீதியில் செந்தமிழ்செல்வனின் வீடு. கூடத்துச் சுவர் முழுக்க அவருக்குப் போட்ட சால்வைகளின் போட்டோக்கள். சால்வைகள் எல்லாம் பிளாஸ்டிக் உறையோடு அலமாரியில் இருந்தன. எந்தக் குளிரிலும் ஒருவருக்கும் போர்த்திவிடாத சால்வைகள்.

அவரே போய் காபி கலந்து கொண்டுவந்தார். மெல்லிய உடம்பு, மெல்லிய குரல். மகேஸ்வரி ரேகாவின் இரண்டு தாளையும் டீப்பாயின்மேல் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். முகம் மாறும் என்று எதிர்பார்த்தவளுக்கு ஏமாற்றம். அவர் சிரித்தார்.

"ரேகாவுக்கு ஓரம் விடறதுல எப்பவும் தாராளம்" என்றார்.

"புன்னைமேட்டுக்குப்பத்துக்காரங்க எப்ப சார் கையெழுத்துப் போட்டாங்க?"

"மூணு வருஷம் இருக்கும். இந்த மசோதா வெறும் வரைவா வந்தப்ப, எதிர்த்து மனு கொடுக்கணும்னு நான்தான் வாங்கினேன். வெள்ளைத் தாள்லதான் வாங்கினேன். எல்லாரும் அப்படித்தானேம்மா வாங்கறாங்க? முதல்ல கையெழுத்து, விஷயம் அப்புறம். எதுக்குன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? கேட்கல. தாள் என்கிட்டயே இருந்துடுச்சு."

"அத ஆதரவா மாத்திட்டீங்க."

"கையெழுத்தை மாத்தலியே. மேல இருக்கிற பக்கத்தைத்தானே மாத்தினேன்."

ஜெயசீலன் காபி டம்ளரைத் திரும்ப வைத்தான். "எதுக்கு சார்? என்னா கெடைக்குது உங்களுக்கு?"

அவர் எழுந்து போய் மசோதாவின் நகலை எடுத்து வந்தார். ஒளிவு மறைவு இல்லாமல் பதினான்காம் பிரிவைக் காட்டினார். வாரியத்தில் ஓர் இடம், 'மீனவர் நலனில் முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு சமூக ஆர்வலர்' என்பவருக்கு.

"பயிற்சி நிலைய மசோதாவுல ஓய்வு பெற்ற விரிவுரையாளருக்கு ஒரு இடம் இருக்கு. மாட்டு மசோதாவுல பிராணி நல உறுப்பினர். இத்தனை மசோதா தூங்குது, எது எப்ப எழுந்திருக்கும்னு யாருக்குத் தெரியும்? எது எழுந்தாலும் எனக்கு ஒரு நாற்காலி வேணும். அறுபத்தேழு வயசாச்சு. முப்பது வருஷம் மைக் பிடிச்சுப் பேசினதுக்கு இந்தச் சால்வைதான் மிச்சம்."

"நாளைக்கு எதிர்த்துப் பேசப் போறீங்களே?"

"பேசுவேன். நெருப்பாப் பேசுவேன். பேச்சு கைதட்டலோட போயிடும். ஃபைல்ல காகிதம்தான் நிக்கும்." குரலை இன்னும் தாழ்த்தினார். "நீங்க கெட்டிக்காரங்க. யோசிச்சுப் பாருங்க. கையெழுத்து அசல்னு சொன்னா ஊர் சம்மதிச்சதா ஆயிடும், கரை போயிடும். போலின்னு சொன்னா போட்டவ புஷ்பவள்ளின்னு ஊர் ஏற்கனவே முடிவு பண்ணிடுச்சு. எதைச் சொல்லப் போறீங்க?"

"அந்தப் பொம்பளய எதுக்கு இழுத்து விட்டீங்க?"

"செத்தவன் பேரு உள்ள இருந்ததை நான் கவனிக்கல. என் தப்புதான். ஊர் யாரையாவது தேடும். என்னைத் தேடாம இருக்கணுமே."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! கத்தியிருந்தால், மிரட்டியிருந்தால், ஏன், பொய் சொல்லியிருந்தால்கூட மகேஸ்வரி பொறுத்துக்கொண்டிருப்பாள். அவள் காபியில் ஆடை படிந்துவிட்டது. அதைத் தொடாமல், இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"காபி?" என்றார் அவர்.

"அதுக்கும் மேல ஒரு பக்கம் ஒட்டுவீங்க சார். உங்க கையால குடிச்சேன்னு."

*

கருத்துக் கேட்புக் கூட்டம் கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்தை யாரும் எடுக்கவில்லை. 'அஜய் சத்யப்பிரியா' என்ற பெயர்களுக்குக் கீழே, மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் குழுத் தலைவரும் இன்னும் நான்கு உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் உறுப்பினர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

செந்தமிழ்செல்வன் பன்னிரண்டு நிமிடம் பேசினார். சொன்னபடியே நெருப்பாகப் பேசினார். "எங்கள் பிணத்தின் மீதுதான் இந்த வாரியம் வரும்" என்றபோது புன்னைமேட்டுக்குப்பத்து ஆண்கள் விசிலடித்தார்கள். ஊர்த் தலைவர் தட்சிணாமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்மதக் கடிதத்தைப் பற்றி மட்டும் சார் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைக் கவனித்தவர்கள் அந்த மண்டபத்தில் மூன்றே பேர்.

அந்த மூன்றாவது ஆள் எழுந்தாள்.

"ஐயா, நான் புஷ்பவள்ளி. கூடை யாவாரம். ரெண்டு நிமிஷம் குடுங்க."

பின்வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. குழுத் தலைவர் கையைக் காட்டினார். ஜெயசீலன் தாள் கட்டோடு அவள் பக்கத்தில் போய் நின்றான். நேற்றுச் சாயங்காலம் முழுக்க மகேஸ்வரி அவளுக்கு ஒன்றைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்: 'நீ எதையும் நிரூபிக்க வேணாம். உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு.'

"இந்தக் கடுதாசியில போன மாசம் நாலாம் தேதி கையெழுத்துப் போட்டதா எழுதியிருக்குதுங்க. எங்க ஊருல பேருகூட போட்டு பேரும் போடுவாங்க. இந்தத் தம்பி படிக்கும். இருவது வருஷமா ஒவ்வொரு போட்டுலயும் மீன் எடுத்தவ நான். எந்த போட்டு எங்க இருக்குதுன்னு சொல்றேன்."

ஜெயசீலன் படித்தான். "அருள்முருகன், அலைமகள்."

"புயல்ல ஒடஞ்சு அடுப்புக்குப் போயி ரெண்டு வருஷம் ஆவுது."

"ஜெயபால், ஏழுமலையான்."

"போன தையில தரங்கம்பாடிக்கு வித்தாங்க."

"தட்சிணாமூர்த்தி, கடல் முத்து."

"புதுச்சேரிக்காரரு வாங்கிக்கினாரு. தலைவரு இப்ப வெச்சிருக்கறது வேலவன்."

விசிலடித்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பதினேழு பெயர் படித்தான். பதினேழு போட்டும் கரையில் இல்லை. போன் பார்த்துக்கொண்டிருந்த உறுப்பினர் போனைப் பையில் வைத்தார். பதினெட்டாவது பெயரை ஜெயசீலன் புஷ்பவள்ளியைப் பார்த்துப் படித்தான்.

"தனக்கோடி, செல்லியம்மன்."

"எங்க ஊட்டுக்காரரு" என்றாள் புஷ்பவள்ளி. "அவரு காரியம் முடிஞ்ச மறுநாளு அந்த போட்ட வித்துட்டேன். ரெண்டு வருஷம் ஆவுது. இது போலி இல்லீங்க ஐயா. அவரு கைதான். உயிரோட இருக்கும்போது போட்டது."

குழுத் தலைவர் முன்னால் நகர்ந்தார். "அப்படியானால் எப்போது போட்ட கையெழுத்து இது?"

மகேஸ்வரி எழுந்தாள். "இந்தப் போட்டெல்லாம் ஒண்ணா கரையில நின்னது மூணு வருஷத்துக்கு முன்னாடி ஐயா. எந்தப் போட்டு எப்போ கை மாறிச்சுன்னு மீன்வளத்துறை பதிவுல தேதியோட இருக்கும். மசோதா சபைக்கு வந்ததே போன வருஷம். பொறக்காத குழந்தைக்கு எப்படி ஐயா சம்மதம் எழுதிக் குடுக்க முடியும்?" ரேகா அடித்த இரண்டு தாளையும் மேடையில் வைத்தாள். "கையெழுத்து ஒண்ணுதான். மேல் பக்கம்தான் ரெண்டு."

தட்சிணாமூர்த்தி மெதுவாக எழுந்தார். மேடையைப் பார்க்கவில்லை. முதல் வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"சார்," என்றார். "மூணு வருஷம் முன்ன நீங்கதான வெள்ளைத் தாள்ல வாங்கினு போனீங்க? மெட்ராஸ்ல குடுத்துட்டேன்னீங்களே சார்?"

செந்தமிழ்செல்வன் அவசரமாகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். போன் அடிக்கவே இல்லை.

சம்மதக் கடிதத்தை ஏற்பதில்லை என்றும் அதைக் கொடுத்தவர்மேல் விசாரணை நடத்தப் பரிந்துரைப்பதாகவும் குழுத் தலைவர் பதிவு செய்யச் சொன்னார். ஊரின் உண்மையான கருத்தை மாலை ஐந்து மணிக்குள் புதிதாக எழுதிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அப்புறம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

மண்டப வாசல் படியில் புஷ்பவள்ளியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. நேற்று முதுகைத் திருப்பிய அக்காள் இன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு "எனக்கு அப்பவே தெரியும்டி" என்றாள். அப்பவே தெரிந்தவர்கள் நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டே போனார்கள். மகேஸ்வரி நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். அந்த அன்பின் வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

தட்சிணாமூர்த்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"கட்டுப்பாட்ட எடுத்தாச்சு. நாளைக்கு ஏலத்துக்கு வந்துடு" என்றார் தரையைப் பார்த்தபடி. மன்னிப்பு என்பது அவ்வளவுதான். பிறகு கையிலிருந்த ஒரு முழு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவளிடம் நீட்டினார். "அஞ்சு மணிக்குள்ள மனு குடுக்கணும், டைம் இல்ல. மொதல்ல இதுல கையெழுத்தப் போடு. விஷயத்த அப்புறம் எழுதிக்கலாம்."

தாளின் பாதிக்குக் கீழே ஏற்கனவே முப்பது பேர் போட்டிருந்தார்கள். பேரும், பக்கத்தில் போட்டு பேரும். மேலே எதுவும் இல்லை.

ஜெயசீலன் அந்தத் தாளைப் பார்த்தான். நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவனுக்குச் சொல்ல ஒரு ஜோக்கும் வரவில்லை.

புஷ்பவள்ளி தாளை வாங்கினாள். மேலும் கீழும் பார்த்தாள். இரண்டாகக் கிழித்தாள். அதை ஒன்றாக வைத்து மறுபடி கிழித்தாள்.

"ஏய்! என்னா பண்ற நீ?" தட்சிணாமூர்த்தி பதறினார். "அத்தன பேரு கையெழுத்துடீ அது!"

"இதுல ஒண்ணுமே எழுதலியே மாமா. அப்ப நான் எதக் கிழிச்சேன்?"

புஷ்பவள்ளி கிழிந்த துண்டுகளைத் தன் காலிக் கூடையில் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். பேனாவை அவர் கையில் திரும்ப வைத்தாள்.

"நீ எழுது மாமா. சத்தமா படிச்சுக்கினே எழுது. நான் கேக்குறேன்."